அளவை அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

மதுரை மாநகரின் மாசி வீதிகளிலும் அவற்றை அடுத்த அங்காடித் தெருக்களிலும் ஒருநாள் நடந்து செல்லும் மாணவன், மக்கள் எத்தனை வகையாகப் பொருள்களை அளக்கின்றனர் என்பதைக் கண்கூடாகக் காணலாம். பூ விற்போர் மல்லிகைச் சரத்தை முழமிட்டு அளக்கின்றனர். பொற்கொல்லர் முற்காலத்தில் குன்றிமணியை எடையாகக் கொண்டு பொன்னை நிறுத்தனர். இக்காலத்தில் கண்ணாடிக் கூட்டினுள் அமைந்த நுண்ணிய தராசில் நிறுக்கின்றனர். நெல்லும் பருப்பும் முன்பு மரக்காலாலும் படியாலும் அளக்கப்பட்டன. இன்று கிலோகிராம் கணக்கில் விற்கப்படுகின்றன.

இவற்றுள் முழம் என்பது அளப்பவர் கையைப் பொறுத்தது. நெடிய கையினர் அளக்கும் முழமும் குறிய கையினர் அளக்கும் முழமும் ஒன்றாகா. பூச்சரத்தில் ஒரு விரற்கடை கூடினும் குறையினும் பெருங்கேடு ஒன்றும் இல்லை. ஆயின், மருந்தின் அளவு பிழைபட்டால் உயிருக்கே இடர் நேரும். இயந்திர உறுப்பின் அளவு மயிரிழை மாறினும் இயந்திரம் இயங்காது. ஆதலின், அளப்பவர் எவராயினும் அளவு மாறாதிருத்தல் வேண்டும். இஃது அறிவியலின் அடிப்படை அறம் எனலாம்.

கைக்கு உள்ள குறை கண்ணுக்கும் உண்டு. ஒருவர் கண்ணுக்குப் பசுமையாகத் தோன்றும் மங்கிய ஒளி, பிறிதொருவர் கண்ணுக்கு நீலமாகத் தோன்றலாம். மற்றொருவருக்குத் தோன்றாமலே போகலாம். கண்ட காட்சியை ஐயத்திற்கு இடமில்லாத அளவாக மாற்றுவது எங்ஙனம்? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் உள்ளத்திற் கொண்டு உழைத்த பேரறிஞர் ஒருவர், பாண்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரையிற் கல்வி பயின்று, உலகப்புகழ் எய்தினார். அவரே சர் கே. எஸ். கிருஷ்ணன் என்று வழங்கப்பெறும் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் ஆவார்.

பிறப்பும் இளமையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வயல்களும் தோப்புகளும் சூழ அமைந்தது வத்திராயிருப்பு என்னும் ஊர். இஃது இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இவ்வூரில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். இவர்தம் தந்தையார் உழவுத் தொழிலும் நூற்பயிற்சியும் ஒருங்கே உடையவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை பெற்றவர். ஆதலின், வயலின் பசுமையும் ஏட்டின் மணமும் மைந்தருக்கு ஒருசேர வாய்த்தன. பின்னாளில் உலகம் போற்றும் விஞ்ஞானியாய் விளங்கிய காலத்தும் இவர் இலக்கியப் பற்றினைக் கைவிடாதிருந்தமைக்கு இவ்வில்லறச் சூழலே வித்தாயிற்று.

ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வியை முடித்த கிருஷ்ணன், மேற்படிப்பின் பொருட்டு மதுரைக்கு வந்து, வையையாற்றின் வடபுறத்தே அமைந்த அமெரிக்கன் கல்லூரியிற் சேர்ந்தார். பசுமலையில் 1881-ஆம் ஆண்டு தோன்றிப் பின்னர் நகருக்கு இடம்பெயர்ந்த கல்லூரி அது. அங்குப் பயின்றபின் சென்னைக்குச் சென்று கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற கல்லூரியிலேயே இரசாயனப் பகுதியில் செய்முறை விளக்குநராகச் சிறிது காலம் பணியாற்றினார். நண்பகல் உணவு வேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகிய எதில் ஐயம் தோன்றினும் வினவுவர். அவரும் இனிது விளக்குவார். அவர்தம் விளக்கத்தைக் கேட்பதற்குப் பிற கல்லூரி மாணவர்களும் வந்து கூடினர் என்றால், அவருடைய அறிவின் பரப்பும் சொல்லின் தெளிவும் எத்தகையன என்பதை உய்த்துணரலாம்.

கல்கத்தாவில்

கற்பித்ததோடு கிருஷ்ணனின் உள்ளம் அமைதியுறவில்லை. நூல்களில் எழுதப்பட்டதைக் கூறுவதினும், இயற்கையிடமே நேரில் வினவி விடை பெறுதல் வேண்டும் என்னும் வேட்கை அவரை உந்தியது. அந்நாளில் கல்கத்தாவில் சி. வி. இராமன் ஒளியையும் ஒலியையும் பற்றி அரிய ஆராய்ச்சிகளை நிகழ்த்தி வந்தார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-ஆம் ஆண்டில் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகமே அவ்வாராய்ச்சிகளின் இருப்பிடமாக விளங்கிற்று. 1920-ஆம் ஆண்டு கிருஷ்ணன் கல்கத்தாவை அடைந்தார். 1923-இல் இராமனின் ஆராய்ச்சித் துணைவரானார்.

அங்கு அவருக்கு வாய்த்த பணி, நீர்ப்பொருள்களினூடே ஒளி சிதறும் இயல்பை ஆராய்வது. கதிரவன் ஒளிக்கற்றை ஒன்றைத் தூய நீர்ப்பொருளினுள் செலுத்திப் பக்கவாட்டில் நின்று நோக்கினால், ஒளி செல்லும் வழி மங்கிய நீலத்தடமாகத் தோன்றும். மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதால் விளையும் தோற்றம் அது. அங்ஙனம் சிதறிய ஒளி எத்துணை வலிமையுடையது, எவ்வாறு முனைவுற்றுள்ளது என்பவற்றை அளந்து, 60-க்கும் மேற்பட்ட நீர்ப்பொருள்களின் இயல்புகளை 1925-ஆம் ஆண்டில் கிருஷ்ணன் வெளியிட்டார்.

அவ்வாராய்ச்சியின்போது ஒரு புதுமை தென்பட்டது. சிதறிய ஒளியுடன், நிறம் மாறிய மிக மங்கிய ஒளியொன்றும் கலந்திருந்தது. இதனை அதே ஆய்வுக்கூடத்தில் கே. ஆர். இராமநாதன் 1923-இலேயே கண்டிருந்தார். நீர்ப்பொருளிற் கலந்துள்ள மாசு காரணமாக எழும் மெல்லிய ஒளிர்வே அஃது என்று அப்பொழுது கருதப்பட்டது. மாசுதான் காரணம் என்றால், நீர்ப்பொருளை மேன்மேலும் தூய்மை செய்யுந்தோறும் அவ்வொளி குன்றி மறைதல் வேண்டும். மீண்டும் மீண்டும் வடித்திறக்கியும் அது மறையவில்லை. காட்சி கண்முன்னே நின்றது. அதன் பொருள் மட்டும் விளங்காதிருந்தது. மூன்று ஆண்டுகள் அப்புதிர் அவிழாமலே கிடந்தது.

1928-ஆம் ஆண்டுப் பிப்ரவரி

இவ்விடத்து மாணவர் நன்கு சிந்தித்தல் வேண்டும். மங்கிய ஒளியொன்றைக் கண்ட ஆராய்ச்சியாளர் முன் இருவழிகள் உள்ளன. பிழையென்று தள்ளிவிடுதல் ஒன்று. புதுமையென்று உடனே பறைசாற்றுதல் மற்றொன்று. முன்னது உண்மையை இழக்கச் செய்யும். பின்னது பொய்யைப் பரப்பச் செய்யும். இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி, ஐயம் நீங்கும்வரை பொறுமையோடு சோதிப்பதாகும். கிருஷ்ணன் மேற்கொண்டது இம்மூன்றாம் வழியே.

1928-ஆம் ஆண்டுப் பிப்ரவரித் தொடக்கத்தில், இராமனின் விருப்பத்திற்கிணங்கக் கிருஷ்ணன் அப்பழைய ஆராய்ச்சியை மீண்டும் கையிற் கொண்டார். 18 சென்டிமீட்டர் அகலமுடைய தொலைநோக்கி வில்லை ஒன்றின் வாயிலாகக் கதிரவன் ஒளியைத் திரட்டி, மற்றுமொரு சிறு வில்லையால் அதனை ஒடுக்கி, தூய்மை செய்த நீர்ப்பொருளினுள் பாய்ச்சினர். ஒளி செல்லும் வழியில், ஊதாவும் நீலமும் மட்டுமே புகவிடும் நிறக்கண்ணாடி ஒன்றை வைத்தனர். அந்நிறங்களை முற்றிலும் தடுத்து, ஏனைய நிறங்களையே விடுக்கும் மற்றொரு கண்ணாடியைத் தம் கண்ணுக்கும் நீர்ப்பொருளுக்கும் இடையே அமைத்தனர்.

இவ்வமைப்பின் நுட்பம் எளிது, ஆயினும் வலிது. சிதறிய ஒளி, உட்புகுந்த ஒளியின் நிறத்தையே உடையதாயின், இரண்டாம் கண்ணாடி அதனை அறவே தடுத்துவிடும்; காண்போருக்கு இருளே எஞ்சும். இருளுக்கு மாறாக ஒளி தோன்றுமாயின், சிதறும்போது ஒளியின் நிறம் மாறியுள்ளது என்பதில் ஐயமில்லை. ஒளியின் வலிமையைக் கண் அளந்து கூறவேண்டுவதில்லை. உண்டு அல்லது இல்லை என்று கூறினாற் போதும். கண்ணின் குறையை அறிந்து, அக்குறை தாக்காத வண்ணம் வினாவை அமைத்த திறம் இதனுள் விளங்குகின்றது.

ஒளி தோன்றியது. ஒரு நீர்ப்பொருளில் மட்டுமன்று. ஏறத்தாழ 60 நீர்ப்பொருள்களிலும் தோன்றியது. மேலும், அவ்வொளி முனைவுற்றிருந்தது. மாசினால் எழும் ஒளிர்வு அங்ஙனம் முனைவுறுவதில்லை. அந்நாள்களில் நிகழ்ந்தவற்றைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தமை, அக்கண்டுபிடிப்பின் வரலாற்றை நாம் அறிவதற்குப் பெருந்துணையாய் உள்ளது. பிப்ரவரி 28-ஆம் நாள் இராமன் நிறமாலை காட்டும் கருவியால் அவ்வொளியை நோக்கி, நிறம் மாறிய ஒளி தனியே பிரிந்து நிற்பதைக் கண்டார். நாடு முழுவதும் தேசிய அறிவியல் நாள் கொண்டாடப்படுவது அந்நாளிலேயே ஆகும்.

இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயராலும் எழுதப்பட்ட குறிப்பு, அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 31-ஆம் நாள் ‘நேச்சர்’ என்னும் இங்கிலாந்து நாட்டு அறிவியல் இதழில் வெளிவந்தது. அதன்பின் பாதரச விளக்கின் ஒளியைப் பயன்படுத்தி, நிறமாலையை ஒளிப்படத் தகட்டிற் பதித்தனர். கண்ணுக்குக் களைப்பு உண்டு; மறதியும் உண்டு. தகட்டிற் பதிந்த கோடுகளோ நிலைத்து நிற்பன. எவரும் எப்பொழுதும் அவற்றை எடுத்து, கோட்டிற்கும் கோட்டிற்கும் உள்ள தொலைவை அளந்து சரிபார்க்கலாம். இங்ஙனம், ஒருவர் கண்ட காட்சி உலகத்தார் அனைவரும் ஒப்பும் அளவாயிற்று.

இக்கண்டுபிடிப்பு ‘இராமன் விளைவு’ என்று பெயர் பெற்றது. 1930-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. பிப்ரவரி நாள்களில் இருட்டறையில் நின்று உழைத்த கிருஷ்ணனோ, 1928-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டு, முற்றிலும் புதிய துறையொன்றிற் புகுந்திருந்தார். பெற்ற புகழின் நிழலிலே இளைப்பாறாது, விடை காணாத வினாவைத் தேடிச் சென்றமை அவர்தம் பெருமையைப் பின்னும் உயர்த்தியது.

டாக்காவில் படிக ஆராய்ச்சி

இன்று வங்காளதேசத்தின் தலைநகராய் விளங்கும் டாக்காவில், அந்நாளைய பல்கலைக்கழகப் பௌதிகப் பகுதியில் கிருஷ்ணன் ஆசிரியப் பணி ஏற்றார். கணிதப் பேரறிஞர் சத்தியேந்திரநாத் போஸ் அங்குத் தலைமை தாங்கிய காலம் அது. படிகங்களின் காந்த இயல்பை அளத்தலைக் கிருஷ்ணன் தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார்.

இரும்பைக் காந்தம் வலிந்து இழுப்பதை யாவரும் அறிவர். ஆயின், உலகத்துப் பொருள்கள் அனைத்தும் காந்தத்தினால் சிறிதேனும் தாக்கப்படுவன. சில மிக மெல்ல இழுக்கப்படும். சில மிக மெல்ல விலக்கப்படும். படிகங்களிலோ அத்தாக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே தன்மையதாக இராது. ஒரு திசையில் மிகுந்தும் மற்றொரு திசையில் குறைந்தும் காணப்படும். மூலக்கூறுகள் படிகத்தினுள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தது அவ்வேற்றுமை. அதனை அளந்தறிந்தால், கண்ணாலோ நுண்ணோக்கியாலோ காணவியலாத மூலக்கூறுகளின் அமைப்பை உய்த்துணரலாம். ஆனால், அவ்வேற்றுமை மிகமிகச் சிறியது. அளத்தற்குரிய படிகமோ சிறு துணுக்கு. எனின், அளப்பது எங்ஙனம்?

கிருஷ்ணன் வகுத்த முறை, எளிமையும் நுட்பமும் ஒருங்கே பொருந்தியது. படிகத் துணுக்கினை மயிரினும் மெல்லிய குவார்ட்ஸ் இழையொன்றிற் கட்டி, எங்கும் ஒரே சீரான வலிமையுடைய காந்தப் புலத்தின் நடுவே தொங்கவிடுவர். படிகம் தனக்கு ஏற்ற திசையை நோக்கித் திரும்பி நிற்கும். இழையின் மேல்நுனி, பாகைக் கோடுகள் பொறித்த வட்டத்தட்டொன்றில் பொருத்தப்பட்டிருக்கும். தட்டினை மெல்ல மெல்லத் திருப்பினால் இழை முறுக்கேறும். காந்தமோ படிகத்தைத் தன் பிடியிலிருந்து விடாது. ஆதலின் படிகம் சிறிது சிறிதாகவே அசையும். அஃது ஏறத்தாழ 45 பாகை திரும்பிய நிலையில், காந்தப்பிடி தன் முழு வலிமையையும் செலவிட்டுவிடும். அதற்குமேல் சிறிது முறுக்கினும் தாங்காது, படிகம் சட்டெனச் சுழன்று புரண்டுவிடும். அவ்வளவில் தட்டு எத்தனை பாகை திரும்பியுள்ளது என்று பார்த்துக் கணக்கிட்டால், காந்த வேற்றுமையின் அளவு கிடைத்துவிடும்.

இம்முறையின் சிறப்பு யாது? நுண்ணிய அசைவொன்றைக் கண்ணால் மதிப்பிட வேண்டுவதில்லை. படிகம் புரளுதலோ எவர் கண்ணுக்கும் தப்பாத நிகழ்ச்சி. கூரிய கண்ணினர் காணினும் மங்கிய கண்ணினர் காணினும், புரண்டது என்பதில் கருத்து வேற்றுமை எழ இடமில்லை. கல்கத்தாவில் நிறக்கண்ணாடி கொண்டு உண்டு, இல்லை என்னும் விடையைப் பெற்ற அதே அறிவுநுட்பம், டாக்காவில் இழையின் முறுக்கிலும் விளங்கக் காண்கின்றோம். அளப்பவரைப் பொறுத்து அளவு மாறுதல் கூடாது என்னும் நெறி, அவர் அமைத்த கருவியினுள்ளேயே பொருந்தியிருந்தது.

பி. சி. குகா, சாந்திலால் பானர்ஜி முதலிய துணைவர்களுடன் கிருஷ்ணன் நிகழ்த்திய இவ்வாராய்ச்சிகள், இலண்டன் வேத்தியல் கழகத்தின் வெளியீட்டில் 1933-ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து வெளியாயின. அவ்வாண்டே அவர் கல்கத்தாவின் அறிவியல் வளர்ச்சிக் கழகத்திற்கு, மகேந்திரலால் சர்க்கார் பெயரால் அமைந்த பேராசிரியராய்த் திரும்பி வந்தார்.

அந்துருண்டை செய்யப் பயன்பட்ட நாப்தலீன், பென்சிலினுள் அமைந்த கிராபைட்டு ஆகிய எளிய பொருள்களும் அவர் கையில் அரிய உண்மைகளை வெளிப்படுத்தின. நாப்தலீன் மூலக்கூறுகள் தட்டையானவை என்பதும், படிகத்தினுள் அவை எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பதும் காந்த அளவைகளால் தெளிவாயின. எக்ஸ் கதிர்கள் கொண்டு படிக அமைப்பை ஆராய்ந்த கேத்லீன் லான்ஸ்டேல் என்னும் ஆங்கில நாட்டு அம்மையாரும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வெளியிட்டனர். காந்தம் கூறிய சான்றும் எக்ஸ் கதிர் கூறிய சான்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின. ஒரு வழக்கில் தொடர்பற்ற இருவர் தனித்தனியே கூறும் சான்று ஒத்திருப்பின் நடுவர் ஐயம் நீங்குவது போல, இருவேறு முறைகளால் அளந்த அளவு ஒத்திருப்பின் அறிவியலாரும் ஐயம் நீங்குவர்.

தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம்

1940-ஆம் ஆண்டில் கிருஷ்ணன் இலண்டன் வேத்தியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். 1942-இல் அலகாபாத்துப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியரானார். 1946-இல் ‘சர்’ பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில், அவர்தம் வாழ்வின் தலையாய பணி அவரை அழைத்தது. புதுதில்லியில் அமையவிருந்த தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக அவர் அமர்த்தப்பட்டார்.

அவ்வாய்வுக்கூடத்திற்குச் சவகர்லால் நேரு 1947-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் அடிக்கல் நாட்டினார். வல்லபாய் பட்டேல் 1950-ஆம் ஆண்டு சனவரி 21-ஆம் நாள் திறந்து வைத்தார். நாட்டின் நீளம், நிறை, காலம், வெப்பநிலை, மின்சாரம் முதலியவற்றின் மூல அளவைகளைப் பேணிக் காத்தல் அதன் பெருங்கடமைகளுள் ஒன்று. ஒரு நாட்டில் ஓடும் நாணயத்திற்குக் கருவூலம் எப்படியோ, அந்நாட்டில் வழங்கும் அளவுகளுக்கு அவ்வாய்வுக்கூடம் அப்படி.

அக்கடமையின் அருமையை நாம் எளிதில் உணரலாம். அந்நாளில் இந்தியாவில் ஊருக்கோர் அளவு வழங்கிற்று. ஒரே பெயருடைய சேரும் படியும் வட்டத்திற்கு வட்டம் வேறுபட்டன. அளவு மாறுபடும் இடத்தில் ஏமாறுபவன் ஏழை உழவனே ஆவான். அவன் விளைத்த நெல்லைப் பெரிய படியால் வாங்கிச் சிறிய படியால் விற்போர்க்கு ஊதியம் மிகும். ஆதலின், நாடெங்கும் ஓர் அளவு என்பது அறிவியற் செய்தி மட்டுமன்று. அறத்தின் செய்தியும் ஆகும். 1956-ஆம் ஆண்டில் எடை அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. 1958-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மதுரைக் கடைகளில் வீசையும் பலமும் மறைந்து, கிலோகிராமும் கிராமும் புகுந்தன. பாரிசு நகரின் அருகே பாதுகாக்கப்பட்ட மூல எடைக்கல்லின் படியாகிய 57-ஆம் எண்ணுடைய கிலோகிராம் கல், தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்திற் காக்கப்பட்டது. இம்மாறுதல் நிகழ்ந்த காலத்தில் அந்நிலையத்தின் தலைவராய் இருந்தவர் கிருஷ்ணனே.

நிருவாகப் பொறுப்பு மிகுந்தும் அவர் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். சூடேறிய பொருள்கள் எலெக்ட்ரான்களை வெளிவிடும் இயல்பை அளப்பதற்குப் புதியதொரு முறை வகுத்தார். பொருளின் மேற்பரப்பிற் படியும் சிறு அழுக்கும் அவ்வளவைக் கெடுத்துவிடும். ஆதலின், சூடேறிய கூடு ஒன்றின் உட்குழிவிலிருந்து நுண்ணிய துளை வழியே வெளிவரும் எலெக்ட்ரான்களை அளக்கும் வழியைக் கண்டார். மேற்பரப்பின் மாசு இவ்வளவை எளிதில் தாக்காது. குறையை எதிர்பார்த்து முன்னரே விலக்கும் அவருடைய இயல்பு இங்கும் புலப்படுகின்றது.

சிறப்புகளும் பண்புகளும்

1949-ஆம் ஆண்டில் இந்திய அறிவியற் பேரவையின் தலைமை கிருஷ்ணனைச் சார்ந்தது. 1954-இல் இந்திய அரசினர் பத்மபூஷண் விருது வழங்கினர். 1958-ஆம் ஆண்டில், சாந்தி சுவரூப் பட்நாகர் பெயரால் ஏற்பட்ட பரிசினை முதன்முதலாகப் பெற்றவர் இவரே. அணுவாற்றல் ஆணைக்குழுவிலும் உறுப்பினராய் இருந்து நாட்டிற்குத் தொண்டாற்றினார்.

இத்துணைச் சிறப்புகள் வந்து குவிந்தும் அவரிடத்துச் செருக்கு என்பது தலைகாட்டவில்லை. தாய்மொழியாகிய தமிழில் அவருக்கு இருந்த பற்று, தலைநகரின் அலுவல்களிடையேயும் வாடாது நின்றது. அறிவியற் கருத்தைத் தமிழில் தெளிவுற எடுத்துரைக்க வல்லவராய் அவர் விளங்கினார். வடமொழி நூல்களிலும் ஆழ்ந்த பயிற்சி உடையவராதலின், பழைய இலக்கியமும் புதிய பௌதிகமும் அவருள்ளத்தில் பகையின்றி உறைந்தன. இளைய ஆராய்ச்சியாளரிடம் பரிவோடு பழகி, அவர்கள் உழைப்புக்கு உரிய மதிப்பை அளித்தார். 1961-ஆம் ஆண்டு சூன் மாதத்தில், தம் 62-ஆம் வயதில், புதுதில்லியில் அவர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற நெறி

கிருஷ்ணன் மறைந்தபின் அளவைக் கருவிகள் வியத்தகு வளர்ச்சி பெற்றுள்ளன. அவர் பங்குகொண்டு கண்ட ஒளிச்சிதறல், இன்று நுண்ணோக்கியோடு இணைந்து பணியாற்றுகின்றது. லேசர் ஒளியைப் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலும் பாய்ச்சி, சிதறும் ஒளியின் நிறமாற்றத்தைக் கருவி பதிவு செய்ய, எவ்விடத்தில் எப்பொருள் உள்ளது என்பதைக் கணிப்பொறி வண்ணப்படமாக வரைந்து காட்டுகின்றது. இருட்டறையில் கண்களை வருத்தி நோக்கிய காட்சியை, இயந்திரம் நொடிப்பொழுதில் அளந்து தருகின்றது. மருத்துவ ஆய்வுக்கூடங்களிலும், நுண்ணோக்கியில் எடுத்த இரத்தத் துளியின் படத்தைக் கணிப்பொறி ஆராய்ந்து, அணுக்களை வகைப்படுத்தி எண்ணிக் கூறுகின்றது.

கிருஷ்ணன் கல்வி பயின்ற மதுரையிலேயே இத்தகைய ஆராய்ச்சி ஒன்று நிகழ்ந்தது. நீரிழிவினால் விழித்திரைக்கு உண்டாகும் கேட்டினை ஒளிப்படத்திலிருந்தே கணிப்பொறி கண்டறியுமா என்பது அரவிந்த் கண் மருத்துவமனையிலும், சென்னையில் உள்ள சங்கர நேத்ராலயாவிலும் சோதிக்கப்பட்டது. கணிப்பொறி கூறிய முடிவை அவ்வாறே ஏற்றுக்கொண்டாரல்லர். பயிற்சி பெற்றோர் அதே படங்களைத் தனியே ஆராய்ந்து கூறிய முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அதன் பயன் 2019-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

கருவி வளர்ந்தாலும் கடமை மாறுவதில்லை என்பது இதனால் விளங்கும். நுண்ணோக்கிப் படத்தில் ஓர் அணுவின் அகலத்தைக் கணிப்பொறி கூறுமுன்னர், ஒரு மில்லிமீட்டரை 100 பங்காக வகுத்துக் கோடிட்ட கண்ணாடித் தகட்டினை அந்நுண்ணோக்கியின்கீழ் வைத்து, படத்தின் அளவைச் சரிபார்த்தல் வேண்டும். அத்தகட்டின் கோடுகள் நாட்டின் மூல அளவையோடு ஒத்திருத்தல் வேண்டும். அச்சரிபார்ப்பை மறந்துவிட்டால், எத்துணை விரைவாக எண்ணும் இயந்திரமும் பிழையையே விரைவாக எண்ணிக் கொண்டிருக்கும். நோயாளியின் மருந்து அவ்வெண்ணை நம்பியன்றோ அமையும்?

கிலோகிராமின் இலக்கணமே 2019-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் மாற்றப்பட்டது. உலோகக் கல்லை விடுத்து, இயற்கையின் மாறா எண் ஒன்றை அடிப்படையாகக் கொண்டனர். ஆகவே, எடைக்கல்லும் மாறும், கருவியும் மாறும். மாறாதது ஒன்று உண்டு. கண்டதை உடனே நம்பிவிடாமலும், காண அரியதை உடனே தள்ளிவிடாமலும், ஐயம் நீங்கும்வரை அளந்து பார்க்கும் நேர்மையே அது. 1925-இல் தாம் கண்ட மங்கிய ஒளியை மறவாது, 1928-இல் மீண்டும் அதன் முன்னே சென்று நின்ற கிருஷ்ணனின் வாழ்வு, அந்நேர்மைக்குச் சான்றாக விளங்குகின்றது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் அளவுகோலைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு மாணவரும், கண்ணுக்குத் தோன்றிய எண்ணை அன்றி, அளந்து பெற்ற எண்ணையே ஏட்டில் எழுதுவாராயின், வத்திராயிருப்பில் பிறந்த அவ்வறிஞரின் வழியில் நடந்தவர் ஆவர்.